புரோஸ்டேட் வீக்கத்துக்கு ரோபோ அறுவை சிகிச்சை: யாருக்குத் தேவை, எப்போது தேவை?

ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்குச் சிறுநீர் கழிப்பதில் ஏற்படும் தொல்லைகளுக்குப் பெரும்பாலும் புரோஸ்டேட் சுரப்பியின் வீக்கமே காரணமாக அமைகிறது. இது உயிரை உடனே பறிக்கும் நோய் அன்று. ஆயினும், கவனிக்காமல் விட்டால் சிறுநீர்ப்பையையும் சிறுநீரகங்களையும் நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர் பகுதிகளிலிருந்து வேலைக்காக நாள்தோறும் சென்னைக்கு மின்சார ரயிலில் செல்வோர் இதன் கடுமையை நன்கு அறிவர். அந்த ரயில்களில் கழிப்பறை இல்லை. ஒரு மணி நேரப் பயணத்தைத் தாங்குவதற்காகக் காலையிலிருந்தே தண்ணீர் அருந்தாமல் இருப்பவர்கள் உண்டு. ஆலையில் பணிமுறை முடியும் வரை சிறுநீரை அடக்கிவைப்பவர்களும் உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்குக்கூட இது தெரியாது.

அண்மைக் காலத்தில், 'ரோபோ அறுவை சிகிச்சை செய்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடுமா?' என்ற கேள்வியை நோயாளிகள் பலர் எழுப்புகின்றனர். அது சிலருக்கு மிகப் பயனுள்ள சிகிச்சை. ஆனால் பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதில்லை. எந்தக் கருவியால் அறுவை செய்யப்படுகிறது என்பதைக் காட்டிலும், சிறுநீர்ப்பை வலுவிழப்பதற்கு முன்பாகச் சிகிச்சை தொடங்கப்படுகிறதா என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. இதனை நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்பவர்களும் புரிந்துகொள்ள இக்கட்டுரை உதவும்.

புரோஸ்டேட் சுரப்பி ஏன் பெரிதாகிறது?

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்த்தாரையின் தொடக்கப் பகுதியைச் சுற்றி மோதிரம்போல் அமைந்துள்ளது. இளம் வயதில் ஒரு பெருநெல்லிக்காயின் அளவும் ஏறக்குறைய 20 கிராம் எடையும் கொண்டிருக்கும். விந்துடன் கலக்கும் நீர்மத்தின் ஒரு பகுதியைச் சுரப்பதே இதன் பணி.

வயது கூடும்போது ஆண் ஹார்மோன்களின் தாக்கத்தால் இச்சுரப்பியின் உட்பகுதி மெல்ல வளர்கிறது. ஐம்பது வயதுகளில் உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கும், எண்பது வயதைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கும் இவ்வளர்ச்சி காணப்படுகிறது. வளரும் பகுதி நடுவில் செல்லும் சிறுநீர்த்தாரையை நெருக்குவதால் சிறுநீரின் ஓட்டம் தடைபடுகிறது. தடையை மீறிச் சிறுநீரை வெளியேற்ற, சிறுநீர்ப்பையின் தசை கூடுதலாக உழைக்கிறது. தொடக்கத்தில் அத்தசை தடிக்கிறது, நாளடைவில் தளர்ந்துவிடுகிறது. தளர்ந்துவிட்ட சிறுநீர்ப்பை, அடைப்பை நீக்கிய பிறகும் பழைய வலுவைப் பெறாமல் போகலாம். காலம் தாழ்த்துவதில் உள்ள பேரிடர் இதுவே.

வீக்கத்தின் அளவும் தொல்லையின் அளவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பெரிய சுரப்பி உள்ள ஒருவர் எந்தத் தொல்லையும் இன்றி இருக்கலாம். சற்றே வீங்கிய சுரப்பி உள்ள மற்றொருவருக்குச் சிறுநீர் முற்றிலும் அடைபடலாம். ஆகவே, ஸ்கேன் அறிக்கையில் 'புரோஸ்டேட் பெரிதாக உள்ளது' என்ற ஒரு வரியைப் பார்த்து அஞ்ச வேண்டாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• சிறுநீர் கழிக்கத் தொடங்குவதில் தாமதம். முக்கிக் கழிக்க வேண்டிய நிலை
• சிறுநீர்த் தாரை மெலிந்து, விட்டுவிட்டு வருதல்
• கழித்து முடித்த பின்னும் முழுமையாக வெளியேறவில்லை என்ற உணர்வு. சொட்டுச் சொட்டாகக் கசிதல்
• பகலில் அடிக்கடியும், இரவில் உறக்கம் கலைந்து பலமுறையும் எழுந்து செல்லுதல்
• உணர்வு வந்தவுடன் அடக்க இயலாமை

நீரிழிவு நோய், பக்கவாதம், நடுக்கவாதம், சிறுநீர்த் தொற்று, சிறுநீர்ப்பைக் கல் ஆகியவற்றாலும் இதே அறிகுறிகள் தோன்றலாம். நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறுநீர்ப்பையின் நரம்புகளே பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். எனவே, மற்றவருக்குப் பயனளித்த மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கி உட்கொள்வது தவறு.

இது புற்றுநோயா?

இல்லை. வயது மூப்பால் ஏற்படும் இவ்வீக்கம் புற்றுநோய் அன்று; புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் ஒரே சுரப்பியில் இரண்டும் தனித்தனியே தோன்றலாம். இதனை அறியவே மருத்துவர் மலவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்க்கிறார், தேவையெனில் பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனைக்கும் பரிந்துரைக்கிறார். வீக்கம், தொற்று, அண்மையில் வடிகுழாய் பொருத்தியமை ஆகியவற்றாலும் பி.எஸ்.ஏ. அளவு உயரும். ஆகவே, அளவு கூடியிருப்பது மட்டுமே புற்றுநோய்க்குச் சான்றாகாது. மருத்துவரின் விளக்கத்தைப் பெறுங்கள்.

என்னென்ன பரிசோதனைகள் செய்யப்படும்?

முதலில் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பெண் படிவம் நிரப்பப்படும். இதன் மொத்த மதிப்பெண் 35. மதிப்பெண் 7 வரை இருந்தால் தொல்லை லேசானது. 8 முதல் 19 வரை மிதமானது. 20 முதல் 35 வரை கடுமையானது. கூச்சத்தால் தொல்லையைக் குறைத்துக் கூற வேண்டாம். நீங்கள் கூறும் விடைகளே சிகிச்சைக்கு அடிப்படை.

அடுத்து, சிறுநீர், இரத்தச் சர்க்கரை, கிரியேட்டினின் பரிசோதனைகள் செய்யப்படும். வயிற்று ஸ்கேன் மூலம் சுரப்பியின் அளவும், சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு தேங்கி நிற்கிறது என்பதும், சிறுநீரகங்கள் வீங்கியுள்ளனவா என்பதும் தெரியவரும். சிறுநீர் ஓட்ட வேகத்தை அளக்கும் கருவியில் சிறுநீர் கழிக்கச் சொல்வர். உச்ச வேகம் நொடிக்கு 10 மில்லிக்குக் குறைவாக இருப்பின் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். நரம்புப் பாதிப்பு உள்ளதாக ஐயம் ஏற்பட்டால், சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் சிறப்புப் பரிசோதனையும் தேவைப்படும்.

மருந்துகளே போதுமா?

லேசான தொல்லை உள்ளவர்களுக்குப் பழக்க மாற்றங்களே பெரும்பாலும் போதும். மாலைக்குப் பிறகு நீர், தேநீர், காப்பி ஆகியவற்றைக் குறைக்கலாம். பகலில் தேவையான அளவு தண்ணீர் அருந்த வேண்டும். மதுவைத் தவிர்க்க வேண்டும். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சளிக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் தரப்படும் சில மாத்திரைகள் சிறுநீரை முற்றிலுமாக அடைக்கச் செய்யும். எனவே, மருந்து வாங்கும்போது புரோஸ்டேட் தொல்லை உள்ளதைத் தெரிவியுங்கள்.

மிதமான தொல்லைக்கு இரண்டு வகை மருந்துகள் தரப்படுகின்றன. டாம்சுலோசின், சைலோடோசின் போன்றவை சுரப்பியின் தசையைத் தளர்த்துகின்றன. சில நாள்களிலேயே பலன் தெரியும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றல் வரலாம். ஆகவே மெல்ல எழ வேண்டும். கண்புரை அறுவை செய்துகொள்ள இருப்பவர்கள், இம்மருந்தை உட்கொள்வதைக் கண் மருத்துவரிடம் முன்கூட்டியே கூற வேண்டும். ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு ஆகியவை சுரப்பியின் அளவைக் குறைக்கின்றன. இவற்றின் முழுப் பலன் தெரிய ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகும். இவை பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை எப்போது தேவை?

கீழ்க்காணும் நிலைகளில் மருந்தை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

• சிறுநீர் முற்றிலும் அடைபட்டு, வடிகுழாயை அகற்றிய பின் மீண்டும் அடைபடுதல்
• அடைப்பின் காரணமாகச் சிறுநீரகங்கள் வீங்குதல் அல்லது கிரியேட்டினின் உயர்தல்
• சிறுநீர்ப்பையில் கல் உருவாதல்
• திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று ஏற்படுதல்
• சுரப்பியிலிருந்து மீண்டும் மீண்டும் இரத்தம் கசிதல்
• போதிய காலம் மருந்து உட்கொண்டும் தொல்லை குறையாமை

வயதான தந்தைக்கு 'இந்த வயதில் அறுவை வேண்டாம்' என்று முடிவு செய்து, மாதக்கணக்கில் வடிகுழாயுடன் வைத்திருக்கும் குடும்பங்கள் உள்ளன. நீண்ட நாள் வடிகுழாய் தொற்றுக்கும் கல்லுக்கும் வழிவகுக்கும். வயது மட்டுமே அறுவைக்குத் தடை அன்று. இதயம், நுரையீரல் ஆகியவற்றின் நிலையைப் பரிசோதித்த பின்னரே தகுதி முடிவு செய்யப்படுகிறது.

அறுவை சிகிச்சை முறைகள்

1900ஆம் ஆண்டில் லண்டனில் பீட்டர் ஃபிரேயர் என்ற அறுவை மருத்துவர், அடிவயிற்றைத் திறந்து சிறுநீர்ப்பை வழியாகச் சுரப்பியின் வளர்ந்த உட்பகுதியை அகற்றினார். அவர் அதற்கு முன்பு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். இத்திறந்த அறுவை பலன் மிக்கது. ஆயினும் இரத்த இழப்பு அதிகம், குணமடையும் காலமும் நீளம்.

இன்று பெரும்பாலோருக்கு வயிற்றில் தழும்பே இல்லாமல் அறுவை செய்யப்படுகிறது. சிறுநீர்த்தாரை வழியாக ஒரு மெல்லிய கருவியைச் செலுத்தி, வளர்ந்த பகுதியை மின்சாரத்தால் சிறிது சிறிதாகச் செதுக்கி எடுக்கும் முறை நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. ஏறத்தாழ 30 முதல் 80 கிராம் வரையிலான சுரப்பிகளுக்கு இது ஏற்றது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தே இதனைச் செய்யலாம். ஹோல்மியம் லேசர் முறையில், ஆரஞ்சுச் சுளையைத் தோலிலிருந்து பிரிப்பதுபோல் வளர்ந்த பகுதி முழுவதும் பிரித்தெடுக்கப்படுகிறது. மிகப் பெரிய சுரப்பிகளுக்கும் இம்முறை பொருந்தும்.

ரோபோ அறுவை சிகிச்சை எவ்வாறு செய்யப்படுகிறது?

ரோபோ தானாக அறுவை செய்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அறுவை மருத்துவர் அதே அறையில் ஒரு கட்டுப்பாட்டு மேசையின் முன் அமர்ந்து தம் விரல்களை அசைக்கிறார். நோயாளியின் அருகே உள்ள இயந்திரக் கைகள் அந்த அசைவுகளை அப்படியே பின்பற்றுகின்றன. மருத்துவரின் கட்டளையின்றி அவை எதையும் வெட்டுவதில்லை. வயிற்றின் உட்பகுதி முப்பரிமாணத்தில் பெரிதாக்கப்பட்டு அவருக்குத் தெரிகிறது. மனிதக் கையில் இயல்பாக உள்ள நுண்ணிய நடுக்கம் வடிகட்டப்படுகிறது. கருவியின் நுனி மணிக்கட்டைப்போல் எல்லாப் பக்கமும் திரும்புகிறது. இவையே இத்தொழில்நுட்பத்தின் முக்கிய நன்மைகள்.

இவ்வகைக் கருவிகளுள் பரவலாக அறியப்பட்ட 'டா வின்சி'க்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2000ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. முதலில் புரோஸ்டேட் புற்றுநோய்க்கே இது மிகுதியாகப் பயன்பட்டது. புற்றுநோய் அல்லாத வீக்கத்துக்கு ரோபோ உதவியுடன் செய்த அறுவைகளின் முதல் விவரங்கள் 2008ஆம் ஆண்டில் வெளியாயின.

வீக்கத்துக்கான ரோபோ அறுவையில் நோயாளிக்கு முழு மயக்கம் கொடுக்கப்படும். தலைப்பக்கம் தாழ்வாக இருக்கும்படி படுக்க வைத்து, வயிற்றுக்குள் கரியமில வாயு செலுத்தப்படும். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவிலான ஐந்து அல்லது ஆறு துளைகளின் வழியாகக் கருவிகள் செல்லும். வளர்ந்த உட்பகுதியைப் பிரித்தெடுத்து, இரத்தக் குழாய்களை அடைத்து, வடிகுழாய் பொருத்தி, திறந்த இடம் தைக்கப்படும். பிரித்தெடுத்த பகுதி ஒரு துளையைச் சற்று விரித்து வெளியே கொண்டுவரப்பட்டுத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பப்படும்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிய வேண்டும். புற்றுநோய்க்கான ரோபோ அறுவையில் சுரப்பி முழுவதும் அகற்றப்படுகிறது. வீக்கத்துக்கான அறுவையில் வளர்ந்த உட்பகுதி மட்டுமே அகற்றப்படுகிறது. வெளி உறை அப்படியே இருக்கும். ஆகவே, இந்த அறுவைக்குப் பிறகும் எஞ்சியுள்ள பகுதியில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு உண்டு. மருத்துவர் கூறும் இடைவெளியில் தொடர் பரிசோதனைக்கு வர வேண்டும்.

யாருக்கு இது ஏற்றது?

சுரப்பி ஏறத்தாழ 80 கிராமுக்கு மேல் வளர்ந்து, திறந்த அறுவை தேவைப்படும் நிலையில் உள்ளவர்களுக்கே ரோபோ முறை முதன்மையாகக் கருதப்படுகிறது. பெரிய சுரப்பியோடு சிறுநீர்ப்பையில் பெரிய கல்லோ, பையின் சுவரில் பிதுக்கமோ உள்ளவர்களுக்கு எல்லாவற்றையும் ஒரே அறுவையில் சரிசெய்ய முடியும். திறந்த அறுவையோடு ஒப்பிடுகையில் இரத்த இழப்பும் வலியும் குறைவு. மருத்துவமனையில் தங்கும் நாள்களும் குறைவு.

ஆனால் சுரப்பி சிறியதாகவோ நடுத்தர அளவிலோ இருந்தால், வயிற்றில் துளையே இடாத முறை இருக்கும்போது ரோபோ அறுவையால் கூடுதல் நன்மை இல்லை. மிகப் பெரிய சுரப்பிகளுக்கும்கூட, அனுபவமிக்க மருத்துவர் செய்யும் லேசர் முறை ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது. வடிகுழாயையும் விரைவில் அகற்ற இயலும். கடுமையான இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்களுக்கு முழு மயக்கமும் தலை தாழ்ந்த நிலையும் ஏற்றவை அல்ல. ஏற்கெனவே வயிற்றில் பல அறுவைகள் செய்துகொண்டவர்களுக்கு உள்ளே ஒட்டுதல்கள் இருக்கக்கூடும்; அதனால் சிக்கல் ஏற்படலாம்.

'அக்வாப்ளேஷன்' என்பது மற்றொரு ரோபோ முறை. இதில் வயிற்றில் துளை இல்லை. சிறுநீர்த்தாரை வழியாகச் செலுத்தப்படும் கருவி, வெப்பமின்றி, உயர் அழுத்த நீர்ப்பீச்சால் வளர்ந்த திசுவை அகற்றுகிறது. எந்த இடத்தை அகற்ற வேண்டும் என்பதை மருத்துவர் ஸ்கேன் திரையில் பார்த்து முன்னரே வரையறுக்கிறார். இதற்கு 2017 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. விந்து வெளியேற்றத்தைப் பெருமளவு காப்பது இதன் சிறப்பு. எனினும், இரத்தக் கசிவைக் கட்டுப்படுத்துவதில் தனிக் கவனம் தேவை.

பக்கவிளைவுகள்

எம்முறையில் செய்தாலும் சில விளைவுகளை எதிர்பார்க்க வேண்டும். சில வாரங்களுக்கு எரிச்சலும் அவசர உணர்வும் இருக்கலாம். சிலருக்குத் தற்காலிகமாகச் சிறுநீர்க் கசிவு ஏற்படும். இடுப்புத் தசைப் பயிற்சியால் பெரும்பாலும் இது சரியாகிறது. செதுக்கும் முறை, லேசர் முறை, திறந்த முறை, வயிற்றுத் துளை வழியான ரோபோ முறை ஆகியவற்றுக்குப் பின் பெரும்பாலோருக்கு உடலுறவின்போது விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் செல்லும். இதனால் உடலுக்குத் தீங்கில்லை. விறைப்புத் தன்மையும் உணர்வும் பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் இயற்கையாகக் குழந்தைப் பேறு அடைவது கடினமாகும். குழந்தை வேண்டும் என்று எண்ணுபவர்கள் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் மனம் திறந்து பேச வேண்டும்.

எங்கு சிகிச்சை பெறலாம்? செலவு எவ்வளவு?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவற்றை அங்கேயே செய்துகொள்ளலாம். வேப்பம்பட்டிலிருந்து மூன்றாவது ரயில் நிலையமான திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் இதுவும் ஒன்று. சிறுநீரகவியல் சிறப்பு மருத்துவரின் கருத்து தேவையெனில், அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் சென்னையில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி அரசு மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை ஆகியவற்றுக்குச் செல்லலாம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே உள்ளது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ரோபோ அறுவைக்கான மையம், சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் உள்ள அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022 மார்ச் மாதம் 34.60 கோடி ரூபாய் செலவில் திறக்கப்பட்டது. சென்ட்ரல் நிலையத்திலிருந்து மெட்ரோ ரயிலில் அடுத்த நிறுத்தமான அரசினர் தோட்டத்தில் இறங்கினால் இம்மருத்துவமனையை அடையலாம். அங்கு நேரடியாகச் சென்று 'ரோபோ அறுவை வேண்டும்' என்று கேட்பதைவிட, பரிசோதனை அறிக்கைகளுடனும் பரிந்துரைக் கடிதத்துடனும் சென்று, உங்களுக்கு எம்முறை ஏற்றது என்பதை மருத்துவக் குழுவிடம் கேட்டறிவதே முறை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடமோ 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அறுவை இத்திட்டத்தின்கீழ் வருகிறதா என்பதை அறுவைக்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டையோ நகையையோ அடகு வைத்துத் தனியார் மருத்துவமனையில் ரோபோ அறுவை செய்துகொள்ள முடிவெடுப்பதற்கு முன், ஓர் அரசு மருத்துவமனையின் சிறுநீரகவியல் பிரிவில் இரண்டாவது கருத்தைப் பெறுங்கள்.

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் தொழிற்பேட்டைகளில் பணிபுரிவோரில் பலர் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளனர். அவர்கள் தமக்குரிய மருந்தகம் வழியாக அயனாவரம், கே.கே. நகர் ஆகிய இடங்களில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளுக்குச் செல்லலாம். குறைந்தது ஐந்து ஆண்டுகள் இக்காப்பீட்டில் இருந்து பணி ஓய்வு பெற்றவர்கள், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் தம் மனைவிக்கும் மருத்துவ உதவியைத் தொடர இத்திட்டம் வழிசெய்கிறது. புரோஸ்டேட் தொல்லை மிகுதியாகத் தொடங்கும் வயதும் பணி ஓய்வு பெறும் வயதும் ஒன்றே. எனவே இவ்வுரிமையைக் கைவிட வேண்டாம்.

அறுவைக்கு முன்

நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்தக் கூடாது. குறிப்பாக, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய மருத்துவரின் அறிவுரைப்படியே செயல்பட வேண்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று இருந்தால், அதனைக் குணப்படுத்திய பின்னரே அறுவை செய்யப்படும். புகைபிடிப்பவர்கள் உடனே நிறுத்த வேண்டும்.

மருத்துவரிடம் கீழ்க்காணும் கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.

• என் சுரப்பியின் எடை எவ்வளவு? சிறுநீர்ப்பையில் எவ்வளவு தேங்குகிறது?
• எனக்கு இப்போது அறுவை தேவையா? மருந்தில் தொடரலாமா?
• வயிற்றில் துளையிடாத முறை எனக்குப் பொருந்துமா? இல்லையெனில் ஏன்?
• இவ்வகை அறுவையில் இங்குள்ள மருத்துவர்களின் அனுபவம் என்ன?
• வடிகுழாய் எத்தனை நாள் இருக்கும்? வேலைக்கு எப்போது திரும்பலாம்?

அறுவைக்குப் பின்

செதுக்கும் முறைக்கும் லேசர் முறைக்கும் பின் வடிகுழாய் பொதுவாக ஓரிரு நாள்களில் அகற்றப்படும். வயிற்றுத் துளை வழியான ரோபோ அறுவைக்குப் பின் அது சில நாள்கள் முதல் ஒரு வாரம் வரை இருக்கலாம். வடிகுழாயுடன் வீடு திரும்பினால், சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். குழாய் மடங்கியோ இழுபட்டோ இருக்கக் கூடாது. பையைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்பால் கை கழுவுங்கள். குளிக்கும்போது குழாயைச் சுற்றியுள்ள இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு மென்மையாகத் தூய்மை செய்தால் போதும்.

இதய நோயோ சிறுநீரக நோயோ இல்லாதவர்கள் நாளொன்றுக்கு 2 முதல் 2.5 லிட்டர் தண்ணீர் அருந்தலாம். நார்ச்சத்து மிக்க கீரை, காய், பழங்கள் உண்டு மலச்சிக்கலைத் தவிர்க்க வேண்டும். முக்கினால் இரத்தக் கசிவு ஏற்படலாம். நான்கு முதல் ஆறு வாரங்களுக்குக் கனமான பொருள்களைத் தூக்குதல், மிதிவண்டி, இருசக்கர வாகனம், உடலுறவு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஆலைகளில் சுமை தூக்கும் பணியில் உள்ளவர்கள், இக்காலத்துக்கான மருத்துவச் சான்றிதழைப் பெற்று ஓய்வெடுக்க வேண்டும். அறுவைக்குப் பின் இரண்டாவது வாரத்தில் சிறுநீர் சற்றுச் சிவந்து வருவது இயல்பே. தண்ணீர் அதிகம் அருந்தி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

திசுப் பரிசோதனை அறிக்கையை மறவாமல் பெற்று மருத்துவரிடம் காட்டுங்கள். அகற்றிய பகுதியில் புற்றுநோய் அணுக்கள் இல்லை என்பதை உறுதி செய்வது இந்த அறிக்கையே.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

• சிறுநீர் வராமல் அடிவயிறு உப்பி வலித்தல்
• காய்ச்சலும் குளிர் நடுக்கமும்
• சிறுநீர் அடர் சிவப்பாகவோ இரத்தக் கட்டிகளுடனோ வெளியேறுதல்
• ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல்
• அறுவைக்குப் பின் வாந்தியுடன் வயிறு உப்புதல்

இந்நிலைகளில் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

பராமரிப்பவர்களின் கவனத்துக்கு

முதியவர்கள் பலர் இத்தொல்லையை மகனிடமோ மருமகளிடமோ சொல்லக் கூச்சப்படுகின்றனர். சொற்களுக்கு முன் சில பழக்கங்களே அதனைக் காட்டிக்கொடுக்கும். இரவில் கழிப்பறைக் கதவு அடிக்கடி திறக்கும் ஓசை, திருமணம் போன்ற நிகழ்ச்சிகளுக்கு வர மறுத்தல், வெளியே புறப்படும் நாளில் தண்ணீரைத் தவிர்த்தல், உள்ளாடையை அவர்களே ஒளித்துத் துவைத்தல் ஆகியவற்றைக் கவனியுங்கள். குறை கூறாமல், தனியே அழைத்துக் கேளுங்கள்.

இரவில் எழுந்து செல்லும் வழியில் சிறு விளக்கு எரியட்டும்; கழிப்பறைத் தரை ஈரமின்றி இருக்கட்டும். இரவுப் பயணத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது, புரோஸ்டேட் வீக்கத்தைவிடப் பெரிய துன்பத்தைத் தரும். நினைவாற்றல் குறைந்த முதியவர் காரணமின்றிப் பதற்றமடைந்தால், சிறுநீர் அடைபட்டுள்ளதா என்று அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

'ஒரே மாதத்தில் புரோஸ்டேட் கரையும்' என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளையும் லேகியங்களையும் நம்பிக் காலத்தை இழக்க வேண்டாம். அந்த மாதங்களில் சிறுநீர்ப்பை இழக்கும் வலுவை எந்த ரோபோவாலும் மீட்டுத் தர இயலாது. தொல்லை தொடங்கிய உடனேயே அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். காலத்தில் வருபவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரையோ எளிய சிகிச்சையோ போதுமானதாக இருக்கும். அறுவை தேவைப்படுவோருக்கும், எந்த முறை பொருத்தமானது என்பதை அவசரமின்றி ஆய்ந்து முடிவெடுக்க அப்போதுதான் வாய்ப்புக் கிடைக்கும்.